மொய் எழுதப் போனேன்

“அவ்வளவு தூரம் போய் இதையா பார்க்கப் போறீங்க, மாமா?” என்று என் மருமான் கேட்டான்.

உங்களுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்பதுதான் அந்தக் கேள்வியின் உட்பொருள். மரியாதை தெரிந்த பிள்ளையாகையால் சுற்றி வளைத்துக் கேட்டான். சென்னையிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து, என் வீட்டில் தங்கியிருக்கிறான். அன்று சனிக்கிழமை, பிப்ரவரி மாதம். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறதா, மூடுபனிதான் ஒழுகுகிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஓர் ஈரம். நான் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, எலுமிச்சஞ் சாதப் பொட்டலத்தையும் பிளாஸ்க்கில் காபியையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். லண்டனுக்குத் தெற்கே ஏறக்குறைய ஐம்பது மைல் தள்ளி லூயிஸ் என்று ஓர் ஊர். அங்கே எங்கள் வட்டாரத்துக் கால்பந்துக் குழு ஆடப் போகிறது. முந்திய ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்ற குழு.

மருமான் சோபாவில் சாய்ந்திருந்தான். உடம்பில் மான்செஸ்டர் யுனைடெட்டின் சிவப்புச் சட்டை. மான்செஸ்டரை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் சென்னையில் இருந்த காலத்தில் அந்தக் குழுவுக்காக நள்ளிரவில் விழித்திருந்தவன். அது தோற்றால் மறுநாள் காலை சாப்பிடமாட்டான் என்று என் தமக்கை எழுதியிருக்கிறாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவனைப்போல் எண்ணுகிறவர்கள் நம் வாசகர்களிலும் ஏராளமாக இருப்பார்கள் என்பதால், சொல்ல வேண்டியதை அச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழக்கு, பெயரைப் பற்றியது. இங்கிலாந்தில் கால்பந்துக் குழுக்களை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரீமியர் லீக்கில் 20 குழுக்கள். அதற்குக் கீழே மூன்று படிகள்; படிக்கு 24 வீதம் 72 குழுக்கள். ஆக மொத்தம் 92. இந்தத் தொண்ணூற்றிரண்டும் ‘லீக்’. இவற்றுக்குக் கீழே படிப்படியாக, ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஆடுகிற எத்தனையோ நூறு குழுக்களுக்கும் சேர்த்து ஒரே பெயர்: ‘நான்-லீக்’. அதாவது, லீக் அல்லாதவை. இவையும் லீக்குகளில்தான் ஆடுகின்றன. எங்கள் குழு ஆடுவது இஸ்த்மியன் லீக்கில். அது 1905-இல் தொடங்கியது. கௌரவமே போதும் என்பது அதன் பழைய வாக்கு. ஜெயித்தவனுக்குக் கோப்பைகூடக் கொடுக்காத காலமொன்று அதற்கு உண்டு. பிரீமியர் லீக் பிறந்ததோ 1992-இல். பேரன் வாசற்படியில் நின்றுகொண்டு தாத்தாவைப் பார்த்து, “நீ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்ல” என்று சொல்வதுபோல் இல்லையா?

ஒருவனுக்கு ‘இல்லாதவன்’ என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அவனிடம் எது இருந்தாலும் ஊர் கண்ணுக்குத் தெரியாது. பெயர் மட்டுமா? கதவும் சாத்தியே இருந்தது. 1987 வரையில், கீழேயுள்ள குழு தன் லீக்கில் முதலாவதாக வந்தாலும் மேலே ஏற உரிமை கிடையாது. மேலே இருப்பவர்கள் கூடி ஓட்டுப் போட்டு, வா என்றால்தான் போகலாம். தமக்குள் தாமே ஓட்டுப் போட்டுக்கொள்ளும் சபை புதியவனை எவ்வளவு ஆசையோடு வரவேற்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. லண்டன் பக்கத்து வீல்ட்ஸ்டன் குழு 1985-இல் நான்-லீக்கின் தலையாய லீக்கையும் ஜெயித்தது; நான்-லீக் குழுக்களுக்கான பெரிய கோப்பையையும் ஜெயித்தது. ஒரே வருஷத்தில் இரண்டையும் சேர்த்துப் பெற்ற முதல் குழு அதுதான். கதவு திறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் விதி மாறி, ஸ்கார்பரோ குழு உரிமையோடு உள்ளே நுழைந்தது. வீல்ட்ஸ்டனின் கதை அங்கே முடியவில்லை, பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வழக்கு, மருமானுடையது. “நல்ல ஆட்டம் டெலிவிஷனில் வீட்டுக்கே வருகிறபோது, மட்டமான ஆட்டத்தைத் தேடிப் போவானேன்?” இதையே என் சினேகிதர் ஒருவர், பொருளாதாரம் போதித்து ஓய்வு பெற்றவர், வேறு பாஷையில் சொல்வார்: “முன்னூறு பேர்தான் ஒரு குழுவைப் பார்க்க வருகிறார்கள் என்றால், அந்தக் குழு முன்னூறு பேருக்குமேல் வேண்டாத சரக்கு. வேண்டாத சரக்கு கடையிலிருந்து போவதுதான் நியாயம்.”

நான் இதை ஒப்புக்கொள்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உலகத்திலேயே நன்றாகச் சமைக்கிற தாயாரின் வீட்டில்தான் நாம் எல்லோரும் சாப்பிட வேண்டும். நம் தாயாரின் ரசத்தில் உப்புக் கூடிப்போன நாள் எத்தனை! அதற்காக யாராவது தாயாரை மாற்றிக்கொண்டதுண்டா? எங்கள் குழுவின் இடப்புறத் தடுப்பாட்டக்காரன் வார நாட்களில் கரண்டு வேலை செய்கிறான். ஒரு முறை பந்தை நேரே எங்கள் கோலுக்குள்ளேயே அடித்தான். அவன் பெயர் எனக்குத் தெரியும். என் பெயர் அவனுக்குத் தெரியும். மருமானின் வீரர்களுக்கு மருமானின் பெயர் தெரியுமா?

ஆனால் இந்த வாதத்தைப் பாசத்தின்மேல் மட்டும் நிறுத்தினால் பேராசிரியர் சிரிப்பார். அவருக்குக் கணக்கு வேண்டும். கணக்கும் இருக்கிறது. அதை நான் கற்றது ஒரு தபால்காரரிடம்.

விக்டோரியா ஸ்டேஷனில் அவர் எனக்காகக் காத்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் கடிதம் சுமந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குழு எந்த ஊருக்குப் போனாலும் அவரும் போவார். அன்று ரயில் லூயிஸ்வரை போகவில்லை. பாதையில் வேலை நடக்கிறதென்று பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு தாயாரும் எட்டு வயதுப் பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண் வழிநெடுக, மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருக்குமா, நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவாரா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான்-லீக் பிரயாணத்தின் பெரிய பயம் தோல்வி அல்ல, மழைதான். மத்தியான்னம் ஒரு மணிக்கு நடுவர் வந்து, பந்தைத் தரையில் தட்டிப் பார்த்து, அது எழும்பாவிட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அப்படி இரண்டு முறை நான் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ஒரு முறை, திரும்புகிற ரயிலில் ஏறின பிறகு வெயிலே வந்துவிட்டது.

அன்று பந்து எழும்பிற்று. லூயிஸ் மைதானத்துக்கு ‘டிரிப்பிங் பேன்’ என்று பெயர். வறுக்கும் இறைச்சியிலிருந்து ஒழுகும் கொழுப்பைப் பிடிக்கிற தட்டு என்று அர்த்தம். ஸ்டேஷனிலிருந்து நாலு எட்டு. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி, சுற்றிலும் புல் மேடு கட்டிய பள்ளம். சற்றுத் தூரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று. 1885-இல் தொடங்கிய குழு. 2010 முதல் ஊர் ஜனங்களே பங்கு போட்டுச் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். 2017-இல் ஆண்கள் குழுவுக்கும் பெண்கள் குழுவுக்கும் சம நிதி என்று அறிவித்தவர்கள். பெரிய மைதானங்களில் சீமான்களுக்குக் கண்ணாடி அறைகள் உண்டல்லவா? இங்கே அதற்குப் பதிலாகக் கடற்கரையில் நிறுத்துகிற மரக் குடிசைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கிண்டலுக்காகவே நான் இந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை செலுத்துவேன்.

வாசலில் டிக்கெட்டுக்கு ஏறக்குறைய 15 பவுன் கொடுத்தேன். தபால்காரரும் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவதை எண்ணி எழுதினார். எட்டு வயதுப் பெண்ணோடு சேர்த்து 31 பேர். பிறகு சில பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளினார். “அக்டோபரில் இவர்கள் நம் ஊருக்கு 44 பேர் வந்தார்கள். நாம் 31. பதின்மூன்று பாக்கி” என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐயா, இது மொய் நோட்டு அல்லவா? எங்கள் கிராமத்தில் கல்யாணப் பந்தலின் ஓரத்தில் ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்து எழுதுவாரே, இன்ன ஊர் இன்னார் இவ்வளவு என்று. வீட்டுக்காரர் அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்து, அவர் வீட்டு விசேஷத்துக்குக் குறையாமல் திருப்பி எழுதுவாரே, அதே நோட்டு!

இங்கேதான் பேராசிரியருக்கு வேண்டிய கணக்கு இருக்கிறது. லீக் ஆட்டத்தில் வாசலில் வசூலாகும் பணம் முழுவதும் சொந்த ஊர்க் குழுவுக்கே. வெளியூரிலிருந்து வருகிறவன் கொடுக்கும் 15 பவுனில் ஒரு பென்னிகூட அவன் குழுவுக்குப் போகாது. ரயில் கட்டணம் கொடுத்து, மழையில் நனைந்து, எதிராளியின் பெட்டியில் பணத்தைப் போட்டு, பெரும்பாலும் தோற்று, அவன் திரும்புகிறான். கடைக்காரன் கணக்கில் இவனைவிட அசடன் கிடையாது. ஆனால் மொய்க் கணக்கில் பாருங்கள். முன்னூறு பேர் வருகிற மைதானத்தில் வெளியூர்க்காரர் நாற்பது பேர் என்றால், வசூலில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். அவர்கள் குடிக்கிற டீ, தின்கிற உருளைக்கிழங்கு வறுவல், வாங்குகிற லாட்டரிச் சீட்டு எல்லாம் தனி. அது அந்த ஊர்க் குழுவின் பையன்களுக்குப் பந்தாகிறது, விளக்குக்குக் கரண்டாகிறது. அவர்கள் நம் ஊருக்கு வரும்போது அது திரும்பி வருகிறது. ஒரு லீக் முழுவதும் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் இப்படி ஒன்றுக்கொன்று மொய் எழுதிக்கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. முன்னூறு பேர் ‘வேண்டாத சரக்கு’ என்றாரே பேராசிரியர், அந்த முன்னூறு பேரும் சரக்கு வாங்க வந்தவர்கள் அல்லர். பந்தல் போட வந்தவர்கள்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தோற்றோம். தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்தப் பூனைகளோடு சேர்ந்து நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பெரிய மைதானங்களில் இரண்டு ஊர் ரசிகர்களையும் வேலி போட்டுப் போலீசைக் காவல் வைத்துப் பிரிப்பார்கள். 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி அங்கே ஆடுகளம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மது அருந்தவும் கூடாது. இங்கே வேலி இல்லை. முதல் பாதியில் எதிராளியின் கோலுக்குப் பின்னால் நின்று கத்திவிட்டு, இடைவேளையில் எல்லோரும் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி எதிர்ப்புறம் நடந்து போகிறோம். அந்த ஊர்க்காரர்கள் நம்மை எதிர்கொண்டு இந்தப் புறம் வருகிறார்கள். நடுவழியில் இரண்டு கட்சியும் சந்திக்கும்போது, “உங்கள் கோல்கீப்பருக்குக் கண் மருந்து வாங்கிக் கொடுங்கள்” என்று ஒருவர் சொன்னார். “உங்கள் ஊர் வைத்தியரையே சொல்லுங்கள்” என்றார் தபால்காரர். சம்பந்தி வீட்டுச் சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் இப்படி இனிமைதான் என்று நான் சொன்னால் பொய். என் நிறத்தைப் பார்த்து வசைச்சொல் எறிந்தவர்கள் சில ஊர்களில் இருந்திருக்கிறார்கள். நான் அதை மறைத்து எழுதினால் என் பேனாவுக்கே வெட்கம். 2019 அக்டோபரில் வடக்கு லண்டனின் ஹேரிங்கே பரோ குழு, யோவில் குழுவோடு எஃப். ஏ. கோப்பை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, கறுப்பு வீரர்கள்மேல் பார்வையாளர் பக்கமிருந்து இன வசை விழுந்தது. ஹேரிங்கே வீரர்கள் களத்தைவிட்டு வெளியேறினார்கள். ஆட்டம் கைவிடப்பட்டு வேறொரு நாள் முதலிலிருந்து நடந்தது. சின்ன மைதானம் என்பதால் மனிதர்கள் தாமாகப் பெரியவர்கள் ஆகிவிடுவதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. ஆயிரமாயிரம் பேர் நடுவில் வசை பேசியவன் கூட்டத்தில் கரைந்துவிடுவான். முன்னூறு பேர் நடுவில் அவன் யார், அவன் அப்பன் யார் என்று ஊருக்குத் தெரியும். கண்டிப்பதா, கண்டும் காணாமல் இருப்பதா என்பது அந்த முன்னூறு பேரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர்கள் தட்டிக் கழித்த நாளையும் பார்த்திருக்கிறேன்; ஏற்றுக்கொண்ட நாளையும் பார்த்திருக்கிறேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

இந்த மொய் வழக்கம் சின்ன ஊர்களுக்குள் மட்டும் இருந்ததில்லை. பெரியவர்களும் ஒரு காலத்தில் பந்தலுக்கு வந்தார்கள். எஃப். ஏ. கோப்பை என்பது அதுதான். நான்-லீக் குழுவும் நாட்டின் முதல் குழுவும் ஒரே போட்டியில். வசூலில் இரண்டு பேருக்கும் பங்கு. ஆட்டம் சமமாக முடிந்தால் மற்றவன் ஊரில் மறு ஆட்டம். அந்த மறு ஆட்டத்தில்தான் சரித்திரம் இருக்கிறது. 1972-இல் ஹெரிஃபர்டு என்ற நான்-லீக் குழு, நாட்டின் வட கோடியிலுள்ள நியூகாசிலுக்குப் போய், முதல் டிவிஷன் குழுவோடு 2-2 என்று சமன் செய்தது. மறு ஆட்டம் மழையால் தள்ளித் தள்ளிப் போய், பிப்ரவரி 5-ஆம் தேதி ஹெரிஃபர்டின் சேற்றில் நடந்தது. ரானி ராட்ஃபர்டு வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து வலையில் போய் விழ, ஜனங்கள் களத்துக்குள் ஓடினார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் ஜெயிக்கவைத்தார். முதல் டிவிஷன் குழுவை ஒரு நான்-லீக் குழு தோற்கடித்தது 1949-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அந்த வருஷமே ஓட்டுப் போடும் சபை ஹெரிஃபர்டை லீக்கில் சேர்த்துக்கொண்டது.

2005 ஜனவரியில் எக்ஸிட்டர் குழு கடனில் மூழ்கிக் கிடந்தது. லீக்கிலிருந்து கீழே விழுந்து, ரசிகர்களே பணம் சேர்த்து எடுத்து நடத்திய குழு. அதற்கு விழுந்த சீட்டு மான்செஸ்டர் யுனைடெட். ஆம், என் மருமானின் குழுவேதான். இருநூறு மைலுக்கு மேல் பிரயாணம் செய்து எக்ஸிட்டர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஓல்டு டிராஃபர்டுக்குப் போனார்கள். 0-0. மறு ஆட்டத்தில் எக்ஸிட்டர் 0-2 என்று தோற்றது. தோற்றால் என்ன? இரண்டு ஆட்டத்தின் வரும்படியும் சேர்ந்து குழுவைக் கழுத்தளவு வெள்ளத்திலிருந்து கரை சேர்த்தது. பெரிய வீட்டுக்காரன் எழுதிய ஒரு மொய்யில் சின்ன வீட்டின் கூரை நின்றது.

2024-இல் அந்த மறு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். எஃப். ஏ. சபையும் பிரீமியர் லீக்கும் பேசி முடித்து, கோப்பையின் முதல் சுற்று முதற்கொண்டு இனி மறு ஆட்டமே இல்லை என்று அறிவித்துவிட்டன. ஐரோப்பியப் போட்டிகள் பெருகிவிட்டனவாம், நாட்காட்டியில் இடமில்லையாம். அதாவது, பணம் கொழிக்கிற புது விருந்துக்கு நேரம் வேண்டுமென்று, ஏழைப் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். போகாததற்குக் காரணம் சொல்கிறவனை மன்னிக்கலாம். போகாமலிருப்பதையே விதியாக எழுதிவைக்கிறவனை என்ன சொல்வது? வீரர்கள் களைத்துப்போகிறார்கள் என்பது மெய்தான். களைப்பைக் குறைக்கப் பணம் வருகிற ஆட்டங்களில் ஒன்றை நிறுத்தியிருந்தால், அவர்கள் சொல்வதை நான் நம்பியிருப்பேன்.

வீல்ட்ஸ்டனின் மீதிக் கதை இதோ. 1991-இல் அதன் மைதானம் விற்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடை எழும்பிற்று. அதன் பிறகு 17 வருஷம், 2008 வரை, அந்தக் குழு ஊர் ஊராய்ப் பிறர் மைதானத்தில் வாடகைக்கு ஆடிற்று. சொந்த மைதானம் இல்லாத குழுவுக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டந்தான். 1999-இல் என்ஃபீல்டின் மைதானமும் விற்கப்பட்டது. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்த ரசிகர்கள் 2001-இல் தாங்களே என்ஃபீல்டு டவுன் என்று புதுக் குழுவைத் தொடங்கிக்கொண்டார்கள். 2002-இல் விம்பிள்டன் குழுவைத் தூக்கிக்கொண்டு போய் மில்ட்டன் கீன்ஸ் என்னும் வேற்றூரில் நட்டுக்கொள்ளலாம் என்று மூன்று பேர் கமிஷன் உத்தரவு கொடுத்தது. கடையை இடம் மாற்றுவதுபோல் குழுவையும் மாற்றலாம், வாடிக்கைக்காரன் பின்னாலேயே வருவான் அல்லது புது வாடிக்கை பிடித்துக்கொள்ளலாம் என்று அதன் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். ரசிகர்கள் போகவில்லை. விம்பிள்டன் பொதுத் திடலில் ஆட்களை ஆடச் சொல்லிப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, லீக் ஏணியின் வெகு கீழ்ப் படியில் புதுக் குழு தொடங்கினார்கள். ஊர் ஊராய் அதன் பின்னால் போனார்கள். 2011-இல் அந்தக் குழு லீக்குக்குள் ஏறிற்று. 2020-இல் பழைய மைதானம் இருந்த அதே தெருவுக்குத் திரும்பி வந்தது. வெளியூருக்குப் போய்ப் பழகிய கால்கள்தான் சொந்த ஊரை மீட்டன. டெலிவிஷன் முன்னால் மடித்துக் கிடக்கிற கால்களால் அது ஆகாது.

பெரிய குழுக்களின் வெளியூர் ரசிகர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. அவர்களும் நம்மவர்களே. டெலிவிஷன்காரனுக்கு வசதியாக ஆட்டத்தைத் திங்கட்கிழமை இரவுக்குத் தள்ளி, கடைசி ரயில் போன பிறகு அவர்களை வீதியில் விடுகிறார்கள். வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுனுக்குமேல் வாங்கக் கூடாது என்ற விதியை, அவர்கள் வருஷக்கணக்காகக் கூச்சல் போட்ட பிறகுதான் 2016-இல் பிரீமியர் லீக் ஏற்றது. என் வழக்கெல்லாம், ரசிகன் என்றால் பார்வையாளன், பார்வையாளன் என்றால் சந்தாதாரன் என்று எண்ணுகிற புத்தியோடுதான்.

இந்த இடத்தில் மருமானுக்கு ஒரு செய்தி. அவன் அறிந்திருக்கமாட்டான். பிரிட்டனில் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு நடக்கும் ஆட்டங்களை நேரடியாக டெலிவிஷனில் காட்டக் கூடாது என்று 1960-களிலிருந்து ஒரு கட்டுப்பாடு இருந்துவருகிறது. பெரிய ஆட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றால் சின்ன மைதானத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்ற பயத்தில் போட்ட கட்டு. அதே ஆட்டத்தை அதே நேரத்தில் சென்னையில் பார்க்கலாம். அங்கே அந்தக் கட்டு இல்லை. லண்டன்காரன் தன் பக்கத்துத் தெருக் குழுவை மறந்துவிடாதபடி வேலி போட்டவர்கள், நம் ஊர்க்காரன் தன் பக்கத்துத் தெருக் குழுவை மறந்தால் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நம் வேலியை நாம்தான் போட வேண்டும்.

போட்டோமா? சென்னை சிட்டி என்று ஒரு குழு இருந்தது. கோயம்புத்தூரில் ஆடிற்று. 2018-19 பருவத்தில் இந்தியாவின் ஐ-லீக்கில் முதலாவதாக வந்தது. தமிழ்நாட்டுக் குழு ஒன்று நாட்டின் லீக்கை ஜெயித்தது. 2021-22 பருவத்தில் அந்த லீக்கிலேயே அது இல்லை. இதை மருமானிடம் சொன்னபோது, “அப்படியா மாமா?” என்றான். அந்த ‘அப்படியா’வில் கிண்டலே இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. தன் ஊர்க் குழு பிறந்ததும் தெரியாமல், ஜெயித்ததும் தெரியாமல், மறைந்ததும் தெரியாமல், ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு குழுவின் தோல்விக்காக இவன் பட்டினி கிடந்திருக்கிறான். அந்தக் குழுவின் மறைவுக்குப் பணம், நிர்வாகம், விதிகள் என்று பல காரணங்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அதன் மொய் நோட்டில் நம் பெயர் இருந்ததா என்பதையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

என் பெயரும் இல்லை. நான் அப்போது லண்டனில் இருந்தேன் என்பது சமாதானம், பதில் ஆகாது.

லூயிஸிலிருந்து திரும்பும்போது மறுபடியும் அந்த பஸ். எட்டு வயதுப் பெண் தாயாரின் மடியில் தூங்கிவிட்டாள். தபால்காரர் விளக்கு வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து, ஆட்டத்தின் கணக்கை ஒரு வரியிலும், டீயின் விலையை ஒரு வரியிலும் எழுதினார். பிறகு ‘பாக்கி 13’ என்று எழுதி அடியில் கோடு இழுத்தார். தோல்வியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பதின்மூன்றுதான் அவருக்கு உறுத்திற்று.

வீட்டுக்கு வந்து துண்டை உலரப் போட்டேன். மருமானின் குழு அன்று என்ன ஆயிற்று என்று கேட்டேன். சொன்னான். அவனும் என்னைக் கேட்டான். சொன்னேன்.

அடுத்த பருவத்தில் லூயிஸ் ஆட்டத்துக்குத் தேதி வந்ததும் இன்னும் பதின்மூன்று பேர் சேர்க்க வேண்டும். மருமானுக்கு ஓர் இடம் பிடித்துவைத்திருக்கிறேன். சிவப்புச் சட்டையோடு வந்தாலும் ஆட்சேபம் இல்லை. மீதி பன்னிரண்டு பேர்.